துறவியின் முதுகு

அத்தியாயம் 4

மிராசுதார் ராமபத்திரன் ஒருவர் கையைப் பிடித்தால் லேசில் விட மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மாவு பிசைவது போலப் பிசைந்துகொண்டேதான் பேசுவார். பிசைகிற கை நிறையச் சவ்வாது வேறு. துப்பறியும் சேக் தாவூதின் வலது கை காலையிலிருந்து அதற்குள் மாட்டிக்கொண்டு விழித்தது.

“பாய், நீங்க தேடப்போறது வெறும் சிலைன்னு நெனைக்காதீங்க. தமிழனோட மானம்” என்றார் ராமபத்திரன். “எல்லாரும் காஞ்சிபுரம் காஞ்சிபுரம்னு சொல்றாங்க. அந்தத் துறவி பொறந்தது நம்ம பூந்தாழங்குடிங்க. இங்கேருந்து கப்பலேறிப் போயித்தான் சீனாக்காரனுக்குக் குங்ஃபூ சொல்லிக் குடுத்தாரு. ஒம்பது வருசம் செவுத்தைப் பாத்தே உக்காந்திருந்தாருங்க. எழுந்து பாத்தா சீடப் பசங்க நோஞ்சானா நிக்கிறானுவ. அப்பறந்தான் அடி சொல்லிக் குடுத்தாரு.”

“ஒம்பது வருசம் உக்காந்தவருக்குக் காலு மரத்துப் போயிருக்குமேங்க” என்றான் இராஜாங்கம். “அதை உதறினதைப் பாத்துத்தான் சீனாக்காரன் கத்துக்கிட்டானோ என்னமோ.”

இராஜாங்கம் தாவூதின் உதவியாளன். ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவன். வயது நாற்பதைத் தொட்டும் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. தாவூது ரயில்வே போலீஸை விட்டு வெளியே வந்தவர். தஞ்சாவூரில் ஒரு சர்பத் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். ஆனால் குமட்டல் வந்தால் முகத்தில் அப்படியே தெரிந்துவிடும். அன்று காலையிலேயே தெரிந்தது.

அவர்கள் நின்றது தஞ்சாவூர் ஜில்லாவின் குத்தாலத்துக்குத் தெற்கே பூந்தாழங்குடியில், மிராசுதாரின் ரைஸ் மில் முற்றத்தில். நெல் காய வேண்டிய சிமெண்டுத் தரையில் கறுப்பு உடுப்புப் போட்ட பையன்கள் வரிசையாக நின்று காற்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் சீனச் சண்டைப் படம் ஓடிய காலம் அது. முற்றத்தின் ஓரத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். அதற்குள் மாலையும் பூவும் கிடந்த ஒரு வெறும் மேடை.

சித்திரையில் கோடை உழவின்போது மிராசுதாரின் பெரிய பங்கில் ஒரு கற்சிலை அகப்பட்டது. கையை முஷ்டி பிடித்து நிற்கும் துறவி. அதை வைத்து ராமபத்திரன் ஓர் அறக்கட்டளை எழுதிவிட்டார். பெரிய பங்கு முழுவதும் துறவியின் நினைவிடம். அறக்கட்டளை நிலத்தை நில உச்சவரம்புச் சட்டம் தொடாது. அந்தப் பங்கில் தலைமுறையாக உழுது நட்டு அறுத்த கூலிக்காரர்கள், வரம்புக்கு மேற்பட்ட நிலம் என்று தங்களுக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவை முன்னின்று கொடுத்தவன் வீரையன். போன வாரம் பையன்களின் சண்டைக் காட்சியை ஊரே மில்லில் கூடிப் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், பந்தலில் இருந்த சிலை காணாமல் போயிற்று. அன்று மாலையே வீரையன் லாக்கப்பில் இருந்தான்.

“அவந்தான் எடுத்தான். எடத்தைச் சொல்ல மாட்டேங்குறான். கை ஒடிஞ்சும் சொல்லலை” என்றார் ராமபத்திரன்.

“கை எப்படிங்க ஒடிஞ்சுது?”

“விழுந்துட்டான்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பின்னால் பையன்கள் ஒன்றாகக் கத்தி உதைத்தார்கள். தாவூது முகத்தை வெறும் மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சிலையில விசேசமா எதாவது உண்டுங்களா?”

“விசேசமாவா கேட்டீங்க? மொத நாளு பாலாபிஷேகம் பண்ணினோம். பொம்பளைங்க முதுகுப் பக்கம் தேச்சுக் கழுவுறாளுவ, உமியும் பதருமா வந்து கொட்டுது. துறவி நெல்லு குடுக்குறாருன்னு எல்லாரும் குலவை போட்டாளுவ. அந்த அற்புதத்தைச் சொன்னா சப்-கலெக்டரே கும்புட்டுருவாரு. சாயங்காலம் நாலு மணிக்கு அறக்கட்டளை மனுவுக்காக எடத்தைப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள எனக்குச் சிலை வேணும் பாய்.”

தோளில் ஆளுங்கட்சிக் கரை போட்ட துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். போன ஆட்சியில் அந்தத் தோளில் வேறு கரை கிடந்தது என்று ஊர் முழுக்கத் தெரியும். தமிழ், தமிழன், மானம் என்று வாய் ஓயாமல் பேசுகிற இந்த மனுஷன், ஒரு கூலிக்காரத் தமிழனின் கையை ஒடித்துப் போட்டுவிட்டுச் சவ்வாது பூசிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கையின் பிடியிலிருந்து தாவூது தன் கையை உருவிக்கொண்டு நடந்தார்.

வாய்க்கால் படிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கையைக் கழுவினார். சேற்றைத் தேய்த்துக் கழுவினார். துணி துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தால் சவ்வாது அப்படியே இருந்தது.

“கையை விடுங்க பாய், தோலு உரிஞ்சிரும். அப்பறம் நம்ம ஆபீஸ்ல யாரு டீ கிளாஸ் கழுவுறது?” என்றான் இராஜாங்கம்.

தாவூது துவைகல்லின் மேல் குனிந்தார். கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழ நீளத் துண்டுக் கல். மேல்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்து எண்ணெய் தடவியது போல வழுவழுவென்று இருந்தது. ஒரு பக்க விளிம்பு மட்டும் உடைந்த வாக்கில் சொரசொரப்பாக வெளுத்திருந்தது. வழுவழுப்பு அந்த விளிம்பு வரைக்கும் வந்து சட்டென்று நின்றது.

“இந்தப் பக்கத்துல கல்லுன்னு ஒண்ணு கெடைக்குமா ராஜாங்கம்?”

“இங்கேயா? வெறும் வண்டல் மண்ணு. சோத்துல பல்லுல மாட்டுற கல்லுகூட வெளியூரு அரிசியோடதான் வரணும்.”

“அப்படிப்பட்ட மண்ணுல, வருசா வருசம் ஏரு ஓடுற வயல்ல, ஒரு சாண் ஆழத்துல ஒரு ஆள் இத்தனை நூறு வருசமா நின்னிருக்காரு. ஒரு ஏர்க் கொழுகூட அவரு மேல இடிக்கலை.”

“துறவி இல்லைங்களா, ஒதுங்கி ஒதுங்கி நின்னிருப்பாரு.”

வாய்க்காலைத் தாண்டினால் கூலிக்காரர் தெருவும் அவர்களுடைய களமும். குறுவை அறுவடை நேரம். காலை அடிப்பு முடிந்து பெண்கள் நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். களத்தின் நடுவில் கதிர் அடிக்கிற கல் படுத்துக் கிடந்தது. இரண்டு கோழிகள் அதன் அடியில் தலையை விட்டுக் காலால் பறித்துக்கொண்டிருந்தன. இராஜாங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் கல்லின் மேல் உட்காரப் போனான்.

“அதுல உக்காராதீங்க” என்று ஒரு பெண் குறுக்கே வந்தாள். முப்பது வயதிருக்கும். தூசி படிந்த முகம், தூங்காத கண்கள். வீரையனின் பெண்சாதி வேம்பு.

“ஏம்மா, உள்ள போயிருவேனா?”

“இப்படி வாங்க, பாய் போட்டுத் தர்றேன்.”

“பாய் எங்கூடவேதான் வந்திருக்காரும்மா” என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

தாவூது தன்னை யாரென்று சொன்னார். மிராசுதார் பேரைக் கேட்டதும் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“எம் புருசன் எடுக்கலைங்க” என்றாள் வேம்பு. “சண்டை காட்டுன அன்னிக்கி அவரு குத்தாலம் போயிருந்தாரு. திரும்பி வந்தவரை மில்லுக்குள்ள இழுத்துட்டுப் போனாங்க. கறுப்புச் சட்டைப் பசங்க சுத்தி நின்னு ஒதைச்சானுவ. வலது கைங்க. அந்தக் கையாலதான் ஏரு பிடிக்கணும். திருட்டுக் கேஸு நின்னுச்சுன்னா பட்டாவும் கெடையாதாம். அவரு வந்தாப் போதுங்க எனக்கு.”

“சிலை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கோழிகளை விரட்டினாள். விரட்டிவிட்டுக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

திரும்பி நடக்கும்போது இராஜாங்கம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். “எங்க ஊருக் களத்துக்குக் காக்கா வந்தாலும் வெறும் மூக்கோட போகாது பாய். வந்தவங்களுக்கு ஒரு கை நெல்லு அள்ளிக் குடுத்துதான் அனுப்புவாங்க. பஞ்ச காலத்துலகூட விட மாட்டாங்க. இங்க என்னடான்னா, எப்படா போவான்னு நிக்கிறாளுவ.”

தாவூது நின்றுவிட்டார். “அடிச்சு முடிச்சதும் உங்க ஊர்ல கல்லை என்ன பண்ணுவாங்க?”

“நிமித்தி வெப்பாங்க. அடியில செதறுன நெல்லைக் கூட்டி அள்ளணுமே. அது கூலிக்காரங்களுக்குச் சேர்ந்தது. யாரு விடுவா?”

“இவங்க விட்டுட்டாங்களே. கோழி திங்குது, பாத்துக்கிட்டே இருக்காங்க.”

இராஜாங்கம் திரும்பிக் களத்தைப் பார்த்தான்.  

மில்லுக்குப் பின்னால் உமி மேட்டு நிழலில் குங்ஃபூ மாஸ்டர் சாமிதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். பினாங்கில் பிறந்து வளர்ந்து, நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்து சேர்ந்தவர். தச்சு வேலை செய்த ஒரு கிழச் சீனரிடம் நிஜமாகவே வித்தை கற்றவர்.

“துறவி கதையெல்லாம் உண்மைங்களா மாஸ்டர்?” என்று கேட்டார் தாவூது.

சாமிதுரை டீயைப் பார்த்தபடி சொன்னார். “தெக்கேருந்து ஒரு துறவி சீனாவுக்குப் போனாருங்கிறது ரொம்பப் பழைய பேச்சுங்க. தியானம் சொல்லிக் குடுத்தாரும்பாங்க. அவருதான் சண்டையும் சொல்லிக் குடுத்தாருங்கிறது அவரு காலத்துக்கு ஆயிரம் வருசம் கழிச்சு யாரோ ஒரு புஸ்தகத்துல ஏத்தி விட்டது. எங்க கெழவரே அதைக் கேட்டாச் சிரிப்பாரு.”

“அப்ப சீனாவுல அவரு தங்குன மடத்துல கம்பு எடுத்தது யாரு?”

“மடத்துக்கு நெலம் இருந்துச்சுங்க. தண்ணியில சுத்துற மாவு மில்லு ஒண்ணும் இருந்துச்சு. கலகக் காலத்துல கொள்ளைக்காரன் வந்தான், சாமியாருங்க கம்பெடுத்தாங்க. அப்பறம் ரெண்டு ராஜாவுக்குச் சண்டை. ஜெயிச்சவன் பக்கம் இவங்க போயி நின்னாங்க. அவன் நெலத்தை எழுதிக் குடுத்தான். அதைக் கல்லுல வெட்டி வெச்சாங்க. இன்னிக்கும் நிக்குதாம். மொதல்ல எழுத்துல தெரியிற அடிதடி அதுதாங்க. நெலத்துக்காக.”

“நெலம், மில்லு, கம்பு பிடிக்க ஆளு, ஜெயிச்ச பக்கம் போயி நிக்கிறது” என்றான் இராஜாங்கம். “நம்ம மிராசுதாரு பொய்யைப் பரப்பினாலும் நிசத்தை அப்படியே நடத்திக் காட்டுறாரு பாய்.”

“வீரையன் கையை ஒடைச்சது நீங்க சொல்லிக் குடுத்த உதைதானே?” என்றார் தாவூது.

“நான் சொல்லிக் குடுத்தது விழாம நிக்கிறதுக்குங்க.” மாஸ்டர் டீயைக் கீழே ஊற்றினார். “பையனுவ எல்லாம் கூலிக்கார வூட்டுப் பயலுவ. மிராசுதாரு சாப்பாடும் சட்டையும் குடுக்குறாருன்னு வர்றானுவ. அவரு மவன் ஒரு நாளு இந்தப் பக்கம் வந்ததில்லை.”

தாவூதுக்கு அந்த இடமே நாறியது. உமி நாற்றம் அல்ல. தகப்பன்மார் கையை ஒடிக்கப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வளர்க்கிற நாற்றம். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினார்.

இராஜாங்கத்தை வாய்க்கால் படிக்கு ஒரு வேலையாக அனுப்பிவிட்டுக் களத்துக்குத் தனியாகத் திரும்பிப் போனார். வேம்பு அவர் வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“சிலைக்கு முதுகுல உமி ஏன் இருந்துச்சுன்னு யோசிச்சேம்மா. கதிரடிக்கிற கல்லுல உமிதான் இருக்கும். உங்க கல்லைத் தூக்கிட்டுப் போயி, அடிக்காத அடிப்பக்கத்துல துறவியைச் செதுக்கி, மண்ணுல பொதைச்சு எடுத்திருக்காங்க. நீ அதைத் திரும்ப எடுத்துட்டு வந்து கவுத்துப் போட்டு, ஒரு வாரமா அது மேலயே கதிரடிக்கிறே. சரியா?”

வேம்பு கல்லின் குழியில் கையை வைத்தாள். பிறகு சொன்னாள்.

“தை மாசம் அவங்க டிராக்டரு ஏறிக் கல்லு ரெண்டா ஒடைஞ்சுதுங்க. சின்னத் துண்டு வாய்க்காலுக்குப் போச்சு. பெரிசு பங்குனியில காணாமப் போச்சு. யாரோ மதகு வேலைக்கு எடுத்திருப்பாங்கன்னு இருந்துட்டோம். பந்தல்ல முதுகு தேய்க்கச் சொன்னாங்க பாருங்க, அப்ப என் கை அந்தக் குழியில போயி உக்காந்துச்சு. கல்யாணமாயி வந்த வருசத்துலேருந்து அதுல அடிக்கிறேங்க. அன்னிக்கி எல்லாரும் சண்டை பாக்கப் போனப்ப நாங்க அஞ்சாறு பேரு வைக்கோ வண்டியில போட்டு மூடிக் கொண்டாந்துட்டோம். அவருக்குத் தெரியாது.”

“ஏன் வெளியில சொல்லலை?”

“சொன்னா யாருங்க நம்புவா? மனுக் குடுத்ததுக்கே ஆளை இந்தக் கதி பண்ணிட்டாங்க. இப்பச் சொன்னா நானும் உள்ள போவேன், அவரும் வர மாட்டாரு. நீங்க அவங்க ஆளு. போயிச் சொல்லிடுவீங்க.”

“சொல்லத்தாம்மா போறேன்” என்றார் தாவூது. “நீ கல்லை நகத்தாம மட்டும் இரு.”

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை. மில்லில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

சப்-கலெக்டர் இளவயதுக்காரர். வெற்று மேடையைப் பார்த்துவிட்டு வாட்சைப் பார்த்தார். ராமபத்திரனுக்கு வியர்த்துக் கொட்டியது. தாவூது போய், “சிலை கெடைச்சிருச்சுங்க” என்றதும் ராமபத்திரனின் முகம் பூவாக மலர்ந்தது. மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க பாய்?”

“கூலிக்காரங்க களத்துல.”

“பாத்தீங்களா சார்? நான் சொல்லலை? களவாணிப் பசங்க.”

ஊரே களத்தில் கூடிவிட்டது. கறுப்புச் சட்டைப் பையன்கள் நாலு பேர் கல்லைப் புரட்டினார்கள். மல்லாந்து விழுந்த துறவி, கண்ணிலும் மூக்கிலும் நெல் அப்பிக்கொண்டு, முஷ்டியை மடக்கி ஊரைப் பார்த்தார்.

“செவுத்தைப் பாத்தாரு, இப்ப ஒரு வாரமா மண்ணைப் பாத்திருக்காரு” என்றான் இராஜாங்கம். “ஆனா தவமிருந்த ஒடம்பு மாதிரி தெரியலையே. தொப்பையைப் பாருங்க.”

“இதுதானே நீங்க வயல்லேருந்து எடுத்தது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றார் தாவூது.

“இதேதான். சத்தியமா இதேதான். அதுக்கு முன்னாடி ஒரு மனுசக் கண்ணு இதைப் பாத்ததில்லை” என்றார் ராமபத்திரன், சப்-கலெக்டருக்குக் கேட்கும்படியாக.

வேம்பு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையைத் தாவூதால் தாங்க முடியவில்லை. இராஜாங்கத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வைக்கோல் வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்தான். வண்டியில் வாய்க்கால் படியின் துவைகல்.

சிலையை மறுபடி கவிழ்க்கச் சொன்னார். முதுகு வழுவழுவென்று குழிந்து தெரிந்தது. துவைகல்லை அதன் காலடியில் தள்ளி ஒட்டினார்கள். உடைந்த விளிம்பு உடைந்த விளிம்போடு பல்லுக்குப் பல்லாகப் பொருந்திற்று. அங்கே அறுந்து நின்ற வழுவழுப்பு இங்கே தொடர்ந்து ஓடியது. இரண்டும் சேர்ந்து, ஆள் நீளத்துக்கு ஒரு களத்துக் கல்லாகக் கிடந்தன.

 ஒரு கோழி நடுவில் வந்து கொத்திற்று.

“சார், இப்ப ரெண்டுதான் வழி” என்று தாவூது சப்-கலெக்டரிடம் சொன்னார். “இது பழைய சிலைன்னா, மண்ணுலேருந்து எடுத்த பொருள் சர்க்காருக்குச் சேரணும். எடுத்த அன்னிக்கே ஐயா தகவல் குடுத்திருக்கணும். அதோட, இந்தத் துறவி எப்படித் துணி துவைக்கிற கல்லு கூட ஒட்டிப் பொறந்தாருன்னும் சொல்லணும். இல்லை, இது களத்துக் கல்லுதான்னா, அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. திருட்டே நடக்கலை.”

சப்-கலெக்டர் குனிந்து அந்தப் பொருத்தை விரலால் தடவினார். நிமிர்ந்து, “எதுங்க?” என்று ராமபத்திரனைக் கேட்டார்.

ராமபத்திரன் ஒரு நிமிடம்தான் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் துறவி, கப்பல், சீனா, தமிழன் மானம் எல்லாம் அவர் முகத்திலிருந்து துடைத்து எடுத்தது போலப் போய்விட்டன. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“களத்துக் கல்லுதாங்க. இந்த மாஸ்டரும் பசங்களும் வெளையாட்டுத்தனமா எதையோ செதுக்கிப் பொதைச்சிருக்கானுவ. நான் வெள்ளந்தி, நம்பிட்டேன். கல்லுதானே, போவட்டும்.”

 சாமிதுரை இடுப்பிலிருந்த கறுப்புப் பட்டையை அவிழ்த்துச் சிலையின் மேல் போட்டுவிட்டுப் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். பையன்களில் ஒருவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவன் அப்பனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான்.

“அறக்கட்டளை மனு இங்கேயே முடிஞ்சுது. நிலம் வரம்புக் கணக்குல வரும்” என்றார் சப்-கலெக்டர். “யாரு செதுக்கினதுன்னு நான் விசாரிக்கிறேன். இப்ப ஸ்டேஷனுக்குப் போயி அந்த ஆளை வெளியில விடச் சொல்றேன்.” ராமபத்திரன் அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்.

இருட்டுவதற்கு முன் வீரையன் வந்து சேர்ந்தான். வலது கை துணித் தூளியில் தொங்கிற்று. முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. ஏர் பிடிக்கிற கை திரும்புமா என்று அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நிலம் கேட்டதற்கு ஒரு கை. அதை வாங்கியவன் சவ்வாது மணக்க வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பான். நாளைக்கு வேறு ஒரு கல்லைத் தேடுவான். தாவூதுக்குத் தான் ஜெயித்ததாகவே தோன்றவில்லை.

வேம்பும் மற்றப் பெண்களும் கல்லை நிமிர்த்திச் சாய்த்து வைத்தார்கள். ஒரு வாரமாக அடியில் சேர்ந்து கிடந்த நெல்லைக் கூட்டி அள்ளினார்கள். துறவியின் கண்ணிலிருந்ததையும் விரலால் தோண்டி எடுத்தாள் வேம்பு. பிறகு இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு தாவூதுக்கு எதிரில் வந்தாள்.

“காலையில வெறுங்கையா அனுப்பிட்டேங்க. வாங்கிக்குங்க.”

தாவூது வலது கையை நீட்டப் போனார். பாதியில் அதை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்துவிட்டுக் கீழே தொங்கவிட்டார். தோள் துண்டின் முனையை எடுத்து விரித்துப் பிடித்தார்.

“கையிலயே வாங்குங்களேன், ஐயா.”

“கை சுத்தமா இல்லம்மா” என்றார்.

அவள் துண்டில் நெல்லைக் கொட்டினாள்.  இராஜாங்கம் அதை வாங்கி முடிச்சுப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தான்.